உப்போடைக்குத் தாமதமாக வந்த வெடிச்சத்தம்

நான் மைக் செட் குருவையா. உப்போடையில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக்கூட்டம் எதுவானாலும் குழாய் கட்டுகிறவன் நான்தான், ஆகவே சத்தத்தைப் பற்றிப் பேச எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரிமை உண்டு. எங்கள் ஊர்த் துப்பாக்கிகள் ஒன்பது நாள் சத்தமே இல்லாமல் வெடித்ததையும், அந்தச் சத்தம் ஒன்பது வருஷம் எங்கேயோ சுற்றித் திரிந்துவிட்டு ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணியிலிருந்து ஒவ்வொன்றாக வீடு திரும்பியதையும் நான் சொன்னால், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஏன் அப்படி நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். தலைநகரத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வந்து, எங்கள் ஊர்க் காற்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, குலுக்கிப் பார்த்து, ஈரப்பதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, காரச்சேவு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை, எங்களுக்கும் வேலை கிடந்தது.

உப்போடை பட்டாசு ஊர். வடக்குத் தெரு திரி முறுக்கும் தெரு, தெற்குத் தெரு மருந்து கலக்கும் தெரு, இரண்டும் மேற்கே போய்ச் சேருகிற இடத்தில் தாலுகா ஆபீஸ், இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, சந்தின் நடுவில் அடிபம்பு. மருந்துத் தெருவில் வீட்டுக்கு வீடு கலவை வேறு. ஒரு வீட்டில் பருத்திக் குச்சியைச் சுட்ட பருத்திமார்க் கரி போடுவார்கள், ஒரு வீட்டில் எருக்கங்கரி, ஒரு வீட்டில் வெடியுப்பு ஒரு பிடி கூடுதல், அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெடியைக் கேட்டாலே இது இன்னார் வீட்டு மருந்து என்று எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சத்தம் வந்தால் வெடி, வராவிட்டால் புஸ். எங்களுக்குத் தெரிந்த சாத்திரம் அவ்வளவுதான். பொறி பறந்தாலும், புகை வந்தாலும், சத்தம் வராததை உப்போடையில் யாரும் வெடித்ததாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

பழைய சர்க்கார் எங்கள் மருந்தையெல்லாம் ராணுவத்துக்கென்று வாரிக்கொண்டு, கொடுக்க மாட்டோம் என்று மறித்த பதினோரு பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பாமலே விட்டது. அதற்குத்தான் இரண்டு தெருவும் சேர்ந்து, காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸைப் பார்த்துச் சுட்டது. விசையை இழுத்தோம், பொறி பறந்தது, தோளில் உதை விழுந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. காக்கை கரைந்தது கேட்டது, பிள்ளை அழுதது கேட்டது, தீப்பெட்டி ஆலைச் சங்கு காலை எட்டுக்கும் மதியம் மூன்றுக்கும் ஊதியது கேட்டது, துப்பாக்கி மட்டும் ஊமை. மருந்து நமுத்துப் போச்சு என்று திட்டிக்கொண்டே மறுபடி சுட்டோம். அதுவும் புஸ். மறுபடி சுட்டோம். வேறு ஊர்க்காரனாக இருந்தால் எதிரே ஆள் விழுவதைப் பார்த்து நிறுத்தியிருப்பான். நாங்கள் பட்டாசுக்காரர்கள், விழுந்தவன் வேறு எவனோ சுட்டு விழுந்தான் என்றும், நம் கையில் இருப்பது புஸ் என்றும் மனசார நம்பினோம். இது போதாதென்று இன்னொரு பழக்கம். எங்கே நெருப்புப் பறந்தாலும் எங்கள் ஊரில் நனைத்த சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் வெளியே இறங்குவார்கள். ஒன்பது நாளும் தெருவில் நடமாடியதெல்லாம் ஈரச்சாக்கு. அண்ணன் யார், அடுத்த வீட்டுக்காரன் யார், போலீஸ் யார், ஒரு எழவும் தெரியாது.

இப்போது சொல்லப்போவதை ஒன்பது வருஷம் எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தாசில்தாரும் போலீஸ்காரர்களும் இரண்டாம் நாள் மதியமே ஒரு லாரியில் ஏறி ஓடிப்போனார்கள். ஆபீஸ் காலி. பூட்டை உடைத்தது நாங்கள் என்று மருந்துத் தெரு சொன்னது, புதுப்பூட்டு போட்டது நாங்கள் என்று திரித் தெரு சொன்னது, புதுப்பூட்டின் சாவி யார் இடுப்பில் தொங்குவது என்று பேச்சு ஆரம்பித்தது, பேச்சு தடித்தது, சாயங்காலம் திண்டுக்கல் பூட்டு மாதிரி இரண்டு தெருவும் இறுகிக்கொண்டது, மூன்றாம் நாள் காலையில் துப்பாக்கிகள் மேற்கே பார்ப்பதை விட்டு ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. அப்படி ஏழு நாள். தலைநகரத்திலும் சர்க்கார் கவிழ்ந்து, ஒன்பதாம் நாள் புதுச் சர்க்காரின் ஜீப் மாலையோடு வந்து இறங்கியபோது, என்ன நடந்தது என்று கேட்டார்கள். புரட்சி என்றோம். எத்தனை நாள்? ஒன்பது நாள். எத்தனை பேர்? முப்பத்து நான்கு பேர். அந்த முப்பத்து நான்கு பேரும் சர்க்கார் குண்டுக்கு மாண்டவர்கள் என்று பேர், வயது, விழுந்த நேரம் எல்லாம் போட்டுச் சந்துமுனையில் கல் நட்டார்கள். அந்தக் கல்லுக்கு மாலை போட இரண்டு தெருவும் ஒன்றாகப் போகும், ஒன்றாகத் திரும்பும். ஏழு நாளை நாங்கள் தண்ணீர் குடிப்பதுபோல விழுங்கிவிட்டோம்.

சத்தம் திரும்பிவந்த முதல் நாள் ஊருக்கே திருவிழா. ஆறேகாலுக்கு முதல் வெடி, எங்கிருந்து சுடப்பட்டதோ அதே சுவர் மூலையிலிருந்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுட்ட அதே நிமிஷத்தில், ஆளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, சத்தம் மட்டும். பிறகு இன்னொன்று, பிறகு படபடவென்று இருபது. எல்லாம் தாலுகா ஆபீஸைப் பார்த்துப் போன வெடி. "ஏலே, இது எங்கப்பன் வெடிடா!" என்று ஒருத்தன் துள்ளினான், "எங்க சித்தப்பா மருந்து, கேட்டியா கணீர்னு!" என்று இன்னொருத்தன் மார்தட்டினான், டீக்கடையில் எல்லாருக்கும் ஜிலேபி. இரண்டாம் நாளும் அப்படித்தான். அன்று மதியம் ஒரு மணிக்கு, லாரி ஓடிய நேரத்துக்கு, எல்லாம் அடங்கியது. வயதானவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழு பத்துக்கு மருந்துத் தெரு மாடி ஒன்றிலிருந்து வடக்கே ஒரு வெடி. ஏழு பன்னிரண்டுக்கு வடக்கேயிருந்து தெற்கே ஒன்று. எதிரொலி என்றார்கள். பதினொரு மணிக்கு என் வீட்டுக் கொல்லைச் சுவரிலிருந்து ஒன்று வெடித்தது, அது நான் சுட்டது, நானும் புஸ் என்றுதான் வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நேரத்துக்கு மருந்துத் தெருவில் செத்தது ஒரு வெள்ளாடு. ஆட்டுக்குக் கல்லில் பேர் இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. குறி பார்த்தது ஆளைத்தான்.

மனுஷன் எதற்கும் பழகிவிடுவான் என்பதை உப்போடையில் வந்து பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் மதியத்துக்குள் டீக்கடையில் கரும்பலகை வைத்து, எத்தனை மணிக்கு வெடி எதிர்பார்க்கலாம் என்று எழுதிப் போட்டார்கள். நாவிதர் வெடிக்கு முன்னால் கத்தியை எடுத்துவிடுவார், பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள், எருமைகள் முதலில் பால் அடக்கிப் பிறகு வெடிச்சத்தம் கேட்டால்தான் கறக்க விட்டன, தொட்டில் பிள்ளைகள் சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழுதன. கல்லில் பேர் இருக்கிற நேரங்களுக்கு மட்டும் ஊரே சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தது. அந்த நிமிஷம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு பத்தாயிரம் வாலா சரத்தைக் கொளுத்திவிடுவது. சரம் வெடிக்கிற வெடியில் எது பழைய சத்தம், எது புதுச் சத்தம், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? மறைப்புச் சரம் என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. மருந்துத் தெருத் தவசிலிங்கம்தான் அதற்கு முன்னால் நின்றார், தன் பட்டாசுக் கிட்டங்கியைத் திறந்துவிட்டு அள்ளிக்கொள்ளச் சொன்னார். பெரிய மனசு என்றார்கள்.

சரம் வேண்டியிருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தலைநகரத்திலிருந்து அருள்தாசன் என்று ஒரு விசாரணை அதிகாரி வந்து ரைஸ் மில் மாடியில் தங்கியிருந்தார். புதுச் சர்க்கார் தான் பிறந்த கதையை எழுதிக்கொண்டிருந்தது, அதற்கு ஊர் ஊராகப் படிவம். உப்போடையின் படிவத்தில் இரண்டு கட்டம், ஒன்றில் புரட்சி, ஒன்றில் உள்நாட்டுப் போர்.

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"அரசாங்கத்தை எதிர்த்துச் சுட்டா புரட்சி. ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டா உள்நாட்டுப் போர். புரட்சியில சுட்டவங்களுக்கு மாலை. இன்னொண்ணுல சுட்டவங்களுக்குச் சம்மன்."

"அரசாங்கம் ஓடிப்போனது தெரியாம, இருக்குன்னு நெனச்சுச் சுட்டா?"

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு சத்தமும் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று இரண்டு சாட்சி சொன்னால் எழுதிக்கொள்வேன் என்றார். ஊரே சாட்சி சொன்னது, எல்லாம் தாலுகா ஆபீஸிலிருந்துதான் சார், சரச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது என்று.

இந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் சரம் வேண்டாமாக இருந்தது. வெயிலுகந்தாள். மருந்துத் தெருவில் பிறந்து திரித் தெருவில் மாசிலாமணிக்கு வாழ்க்கைப்பட்டவள். ஐந்தாம் நாள் மூன்று மணிச் சங்கு ஊதி முடிக்கும்போது அடிபம்புக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தானே, அந்த மாசிலாமணி. கல்லில் அவன் பேர் பதினேழாவது. அவன் போன பிறகு திரி முறுக்கியே மகளை ஆளாக்கினாள், உள்ளங்கை தேய்ந்து ரேகை இல்லாமல் போனது. மகள் செண்பகவடிவுக்கு இருபத்தொரு வயது. அவளைத் தன் மகன் கதிரேசனுக்குக் கேட்டு வந்தார் தவசிலிங்கம், வெயிலுகந்தாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை, ஆகவே முறைக்கும் பொருத்தம். பிள்ளைகள் இரண்டும் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டவை என்பது ஊருக்கே தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம்.

சத்தம் வர ஆரம்பித்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் தவசிலிங்கம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் அவள் மருந்துத் தெருவில் எந்த வீட்டிலும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை, பிறந்த வீடு உட்பட.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை பூ வைக்க வாங்க. ராகுகாலம் மூணு மணிக்கு முடியுது. மூணு மணிச் சங்கு ஊதும். எங்க வீட்டுக்காரர் வெடி வரும். அது எங்கருந்து வருதுன்னு நான் கேக்கணும். சரம் கிரம் எவனும் கொளுத்தக் கூடாது."

தவசிலிங்கத்துக்கு முகம் செத்துப்போனது. "அது சர்க்கார் குண்டு தாயி. கல்லுலயே வெட்டியிருக்கு."

"அப்ப பயமென்ன? தாலுகா ஆபீஸ்லருந்து வரட்டும், அன்னைக்கே பூ வைங்க. உங்க வீட்டுலருந்து வந்தா எம் பொண்ணை அங்க அனுப்ப மாட்டேன். புருசனைக் கொன்ன வீட்டுல பிள்ளையைக் குடுத்துட்டு நான் எப்படிச் சோறு திங்க?"

இதுதான் விஷயம். ஊருக்குப் புரட்சியா, சண்டையா என்ற கவலை. அவளுக்கு ஒரே ஒரு வெடி, அது எந்த வீட்டு மருந்து, அவ்வளவு. வடிவு அழுது பார்த்தாள், கதிரேசன் மாமன் முறைக்காரர்களை வைத்துச் சொல்லிப் பார்த்தான், ஊர்ப் பெரியவர்கள் வந்து, "எதுக்கும்மா கிளறணும், செத்தவன் வரவா போறான்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. ரொம்பப் பேசினால், "உங்க வீட்டு வெடி எப்போ வருது?" என்று கேட்பாள். வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

வியாழக்கிழமை அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நான் குழாய் கட்டினேன். தவசிலிங்கம் வீட்டார் தேங்காய், பழம், பூத் தட்டுகளோடு இரண்டேமுக்காலுக்கே வந்துவிட்டார்கள். தட்டை இறக்கி வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவர்களும் பிடித்துக்கொண்டே நின்றார்கள். ஊரில் பாதி பந்தலுக்குள், மீதி தெருவில். அருள்தாசன் நோட்டோடு ஒரு ஓரத்தில் இருந்தார், யாரோ அவர் கையில் ஒரு கலர் பாட்டிலைக் கொடுத்திருந்தார்கள். எல்லார் காதும் தெற்கே, தவசிலிங்கம் வீட்டைப் பார்த்து. அவர் தன் வீட்டைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "குருவையா, பாட்டை நிறுத்து" என்றாள் வெயிலுகந்தாள். நிறுத்தினேன்.

சங்கு ஊதியது. முக்கால் நிமிஷம் ஊதும். அது இறங்கி, இழுத்து, முடிகிற இடத்தில் வந்தது அந்த வெடி.

தெற்கேயிருந்து வரவில்லை. மேற்கே தாலுகா ஆபீஸிலிருந்தும் வரவில்லை. எங்கள் தலைக்கு மேலே வெடித்தது. பந்தல் தென்னங்கீற்று அதிர்ந்தது, அவள் வீட்டு ஓட்டுக்கூரையிலிருந்து இரண்டு குருவி பறந்தது. ஒரே வெடிதான், ஆனால் இரண்டாகப் பிளந்த வெடி, டட்டார் என்று. எருக்கங்கரி மருந்து அப்படித்தான் ஒலிக்கும். எருக்கங்கரி போடுவது உப்போடையில் ஒரே வீடு, அவள் பிறந்த வீடு. கல்யாணத்துக்குச் சீராக ஒரு டப்பா அந்த மருந்தை அவளுடைய அப்பா கொடுத்தனுப்பியது எல்லாருக்கும் தெரியும், நான்தான் அந்தக் கல்யாணத்துக்கும் குழாய் கட்டினேன்.

வெயிலுகந்தாள் அண்ணாந்து கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு யாரிடமும் என்று இல்லாமல் பேசினாள்.

"அன்னைக்குப் பரண்ல ஏறி, கூரையில ஒரு ஓட்டை நகட்டிட்டுப் பார்த்தேன். பம்புகிட்ட மூணு சாக்கு நடமாடுச்சு. மருந்துத் தெரு ஆளுக எங்க வீட்டுக்குத் தீ வைக்க வாராகன்னு சொல்லியிருந்தாங்க. நடுவுல இருந்த சாக்கைப் பார்த்து இழுத்தேன். சத்தமே வரல. புஸ்ஸுன்னு வச்சுட்டேன். குடத்தைக் காணமேன்னு அப்புறம்தான் பார்த்தேன், தண்ணிக்குப் போயிருக்காரு மனுசன்."

கீழே இறங்கி ஓடியபோது அவன் செத்திருந்தான். ஒன்பது வருஷம் அவள் அந்தப் புஸ்ஸையும் அந்தச் சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். பார்த்திருப்பாள் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். என் வெள்ளாட்டை நான் ஒன்பது வருஷம் நினைத்ததில்லை.

அருள்தாசன் கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார். "இந்தச் சத்தம் எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

"தாலுகா ஆபீஸ்லருந்து" என்றார் தவசிலிங்கம், அவர் கேட்டு முடிப்பதற்குள். நான் சொல்கிறேன், அந்த ஆளுடைய சத்தம் அன்றைக்குக் குழாய் இல்லாமலே ஊருக்குக் கேட்டது. "ஆமா சார், தாலுகா ஆபீஸ்லருந்துதான்" என்றது பந்தல் முழுக்க. நானும் சொன்னேன்.

"இல்ல" என்றாள் வெயிலுகந்தாள். "எங்க வீட்டுக் கூரையிலருந்து. நான் சுட்டேன். எழுதுங்க சார்."

"எழுதினா சம்மன் வரும்மா."

"வரட்டும். இத்தனை வருசமா சர்க்கார் சர்க்கார்னு கல்லுக்குப் பூப் போட்டேன். அந்த லாரி போய் மூணு நாள் ஆயிருந்துச்சு சார். எல்லாருக்கும் தெரியும். அதையும் எழுதுங்க."

அவர் எழுதினார். பேனா தாளில் உரசும் சத்தத்தை அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவள் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல பொண்ணு குடுக்கலாமான்னு நான் யோசிச்சேன். இப்ப எங்க வீட்டுல பொண்ணு எடுக்கலாமான்னு நீங்கதான் யோசிக்கணும்."

தவசிலிங்கம் கையில் இருந்த தட்டைப் பக்கத்தில் நின்ற மகனிடம் கொடுத்தார். வேட்டியைச் சரிசெய்தார்.

"என் வெடி நாளைக்குக் காலையில வருது தாயி. எட்டு மணிச் சங்குக்கு முன்னால. மாடி ஜன்னல்லருந்து வடக்க பார்த்துப் போட்டேன். புஸ்ஸுன்னுதான் நானும் வச்சேன். அந்த நேரத்துக்குக் கல்லுல ஒரே பேருதான் இருக்கு, மூணு நாளா அதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். ராமாத்தா. கொம்பையா பொண்டாட்டி." ஊருக்கெல்லாம் சரம் அள்ளிக் கொடுத்த ஆள், சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். "சரம் கொளுத்தி மறைச்சுரலாம்னு இருந்தேன். இனி முடியாது. தனியா உக்காந்து கேக்கத் தைரியம் இல்லை. நீ வந்து கூட இருக்கியா?"

வருகிறேன் என்றாள். தட்டுகள் வந்த வழியே திரும்பிப் போயின.

வடிவு அறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டவள் விளக்கு வைக்கிற நேரம்வரை திறக்கவில்லை. நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன், அதனால் பார்த்தேன். பட்டுச்சேலையோடுதான் வெளியே வந்தாள், முகம் வீங்கியிருந்தது. அம்மாவுக்கு எதிரே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு, "நானும் அன்னைக்கு ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். "மூணு சாக்குல அப்பா எதுன்னு எனக்கும் தெரியல." வெயிலுகந்தாள் அப்போதுதான் அழுதாள், ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து, தெருமுனைவரை கேட்டது. வடிவு அந்த ஒரு முழத்தை நகர்ந்து வந்து அம்மாவின் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அருள்தாசன் படிவத்தில் இரண்டு கட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, முதல் இரண்டு நாள் அது, அடுத்த ஏழு நாள் இது என்று எழுதினார்; இப்படி எழுத விதி இல்லை என்று தலைநகரம் திருப்பி அனுப்பியது, அவர் மறுபடி அப்படியே எழுதி அனுப்பினார், சம்மன்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, ஜாமீனுக்கு இரண்டு தெருவும் ஒரே பஸ்ஸில் போகிறது. கல்லில் லாரி போவதற்கு முன் விழுந்த மூன்று பேரின் பேர் மட்டும் இருக்கிறது. மற்ற முப்பத்தொரு பேருக்கும் வேறு கல், அதற்குத் தலைப்பு வைக்க ஊர்க்கூட்டம் ஆறு தடவை கூடி ஆறு தடவையும் கலைந்தது, ஆகவே தலைப்பு இல்லாமலே நிற்கிறது. எல்லா வெடியும் வந்து முடிந்த பிறகு, செவ்வாய் ஆகாது என்று புதன்கிழமை கதிரேசன் வீட்டார் வடிவுக்குப் பூ வைத்தார்கள். பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், எனக்கு அன்று வருமானம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைக் காலையைச் சொல்லாமல் விட்டால் இத்தனை நேரம் பேசியதில் அர்த்தம் இல்லை. ஏழரை மணிக்கெல்லாம் வெயிலுகந்தாள் சந்தைக் கடந்து தவசிலிங்கம் வீட்டுப் படியேறிப் போனாள், அவர் மனைவி செம்பில் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள், மாடியில் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கோரைப்பாயில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஊரில் யாரும் சரம் கொளுத்தவில்லை. யாரும் சொல்லி நிறுத்தவில்லை, தானாக நின்றது. வடக்கே கொம்பையா வீட்டு முற்றத்தில் சட்டத்தில் திரி காய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் ராமாத்தாள் காய்கிற திரியைத் திருப்பிப் போடத்தான் வெளியே வந்தாள். குண்டு பறந்தாலும் திரியை ஒரே பக்கம் காயவிட்டால் பாழ், எங்கள் பெண்களுக்கு அது தாங்காது.

எட்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது வெடித்தது. பருத்திமார்க் கரி, தொண்டை கட்டிய மாதிரிக் கனத்த சத்தம், அந்த ஜன்னலில் இருந்து, சந்தேகமே இல்லை. பிறகு படியில் காலடி. தவசிலிங்கம் முன்னால் வந்தார், செருப்புப் போடவில்லை, வெயிலுகந்தாள் ஒரு அடி பின்னால். தெற்குத் தெருவிலிருந்து சந்துக்குள் நுழைந்து, பம்பைத் தாண்டி, வடக்குத் தெருவில் ஏறி, இடது கைப்பக்கம் ஏழாவது வீட்டின் முன்னால் போய் நின்றார்கள். அவ்வளவு தூரம்தான், நூற்றிருபது எட்டு வைத்தால் போய்விடலாம். அவர் கையைத் தூக்கினார், கதவைத் தட்ட முடியவில்லை, கை அந்தரத்திலேயே நின்றது. அவள்தான் எட்டித் தட்டினாள்.

கதவைத் திறந்தது கொம்பையா. தோளில் துண்டு, கையில் பாதி முறுக்கின திரி. வந்திருப்பது யார் என்று பார்த்தான். தவசிலிங்கம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், சத்தம் வரவில்லை.

"கேட்டுச்சு" என்றான் கொம்பையா. "உள்ள வாங்க."